மூடி திறந்திருந்த டாக்ஸி

காலை ஆறரை. பேங்க் மேனேஜர் அம்மாளின் மின்சாரக் காரில், முன்சீட்டில், அவருடைய அப்பா பெல்ட் போட்டபடி இறந்துபோயிருந்தார். நெஞ்சுவலியோடு ஏறி உட்கார்ந்தபோதும் பெல்ட்டை மறக்காத மனிதர். வண்டிதான் கிளம்பவில்லை. திரையில் இரண்டு சதவீதம். ஆம்புலன்ஸும் வந்தது, தாமதமாக.

பக்கத்து பார்க்கிங் கட்டத்தில் ஒரு மின்சார டாக்ஸி. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே தெருவுக்கே பொதுவாக ஒரு சார்ஜர் கம்பம், ஒரே ஒயர். மகள் நேற்று மாலை தன் காரில் செருகிய உடனே கரண்ட் போய், நள்ளிரவில்தான் வந்தது; அந்தப் பிளக் இப்போது டாக்ஸியில் இருந்தது. நூறு சதவீதம். வயிறு நிறைந்த குழந்தை மாதிரி பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்தது.

"இது கொலை சார்," என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். "பிளக்கைப் புடுங்கின கொலை."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். மின்சாரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், பில் வந்தால் தலை சுற்றும் என்பதுதான். அவருடைய மோட்டார் சைக்கிள் பெட்ரோலில் ஓடும். அதுவும் அதற்கு மனசு வந்தால்.

"இங்க என்ன முறை?"

செயலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். கம்பத்தில் தொங்கிய பலகை அவர் எழுதியது. "காத்திருக்கிற வண்டி, சார்ஜ் மூடியைத் திறந்து வெச்சிட்டுப் போகணும். முதல் வண்டிக்காரர் முடிஞ்சதும் வந்து, தன் பிளக்கை எடுத்து அடுத்த வண்டியில செருகணும். அடுத்தவங்க பிளக்குல கை வைக்கக் கூடாது. இதுக்கு ரெண்டு மீட்டிங் போட்டோம் சார்."

"உங்க வண்டி எது?"

"அதோ, அந்தப் பெட்ரோல் கார்."

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத் தலையாட்டினார். நீச்சல் தெரியாதவர் கரையில் நின்று கைவீச்சு சொல்லிக்கொடுப்பது உலக வழக்கம்தான்.

டாக்ஸிக்காரர் தரைத்தளத்து ஒற்றை அறையில் குடியிருப்பவர். அவசரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"நீயா கழட்டின?"

"இல்ல சார்."

"அப்ப யாரு?"

டாக்ஸிக்காரர் பொத்தானைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"மூடியை எப்ப திறந்து வெச்ச?"

"நேத்து சாயங்காலம் சார். அவங்க அப்பா வாசல்ல நின்னுட்டிருந்தார். காலையில சவாரி இருக்கா தம்பின்னு கேட்டார். ஏழு மணிக்கு, ரொம்ப தூரம்னேன். போய்ப் படுத்துட்டேன். ஆம்புலன்ஸ் சத்தத்துலதான் எழுந்தேன். பாத்தா, வண்டி நிறைஞ்சிருக்கு."

"ஆக, தேவதை வந்து செருகிட்டுப் போச்சு."

டாக்ஸிக்காரர் தரையைப் பார்த்தார். "என் பேர்லயே எழுதிக்கங்க சார்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. குற்றத்தை மறுத்துவிட்டுத் தண்டனையைக் கேட்டு வாங்கும் ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"டாக்ஸி கம்பெனிக்குப் போன் போட்டுட்டேன்," என்றார் செயலாளர். "வேலை போயிடும். ரூமையும் இன்னிக்கே காலி பண்ண வெச்சிடறோம்."

இன்ஸ்பெக்டர் டாக்ஸியின் பிளக்கைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அசைந்தது அவருடைய தொந்தி மட்டும். டாக்ஸிக்காரர் தயங்கி, பையிலிருந்து சாவியை எடுத்து அமுக்கினார். 'க்ளிக்.' பிளக் சட்டென்று கையோடு வர, இன்ஸ்பெக்டர் செயலாளர்மேல் போய்ச் சாய்ந்தார்.

அதே பிளக்கோடு பக்கத்துக் காருக்குப் போனார். அதன் மூடி ஒழுங்காகச் சாத்தியிருந்தது. சுற்றிலும் ஒரு கீறல் இல்லை. திறந்து செருகினார். சுலபமாகப் போனது. இழுத்தார். வரவில்லை. வண்டி சார்ஜ் ஏறத் தொடங்கியது. இனி யாருக்கும் அவசரமில்லை.

டாக்ஸிக்காரரைத் தனியே அழைத்து ஏதோ கேட்டார். பிறகு மாடி ஏறினார்.

மகள் கூடத்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் இல்லை. கோபம் அதற்கு இடம் விடவில்லை.

"கார் சாவி எங்க இருக்கும்மா?"

"கதவுக்குப் பின்னாடி ஆணியில. காலையில அங்கிருந்துதான் எடுத்தேன்."

"ராத்திரி கதவு?"

"உள்தாழ்ப்பாள். காலையில நான்தான் திறந்தேன்."

குளியலறையில் ஒரு குடை விரித்துக் காயவைத்திருந்தது. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"மழையில வெளிய போனீங்களா?"

"இல்ல. நான் படுத்தப்புறம்தான் மழை. விடியும்போது நின்னுடுச்சு."

"இன்னிக்கு பேங்க்?"

"லீவு. அப்பாவுக்கும் தெரியும். இதெல்லாம் எதுக்கு சார்? அவனைப் பிடிங்க! போன வாரம் வண்டி நிறைஞ்சும் எடுக்காம தூங்கிட்டிருந்தான். உங்களை மாதிரி ஆளுங்களுக்கு மேனர்ஸ்னா என்னன்னு தெரியுமான்னு தெருவுல வெச்சுக் கேட்டேன். அந்தப் பழியை இப்பத் தீர்த்துக்கிட்டான்."

"அப்பா என்ன சொன்னார்?"

"ராத்திரியெல்லாம் ஓட்டினவன் அசந்துட்டான், அதுக்கு இப்படியான்னார். ரெண்டு நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த வேலையில் அவருக்குப் பிடிக்காத பகுதி, உண்மையைச் சொல்வது.

"பிளக்கைச் செருக சாவி வேண்டாம். எடுக்கத்தான் வேணும். உங்க வண்டியிலயும் அப்படித்தானே?"

"ஆமா, சாவியை அமுக்கினாத்தான்…" பாதியில் நிறுத்தினார்.

"சாவி ஆணியில இருந்தது. கதவு உள்ளே பூட்டியிருந்தது. வீட்டுல ரெண்டே பேர். நீங்க வெளிய போகல, ஆனா குடை நனைஞ்சிருக்கு. பிளக்கை எடுத்தது உங்க அப்பாதாம்மா. உங்களுக்கு லீவு, டாக்ஸிக்காரருக்கு தூரச் சவாரி. உங்க மூடியைச் சாத்தி, திறந்திருந்த மூடியில செருகிட்டு வந்திருக்கார். நீங்க பேசின பேச்சுக்கு, அவரால முடிஞ்ச சமாதானம்."

மகள் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியைப் பார்த்தார்.

"அவனுக்கு… அவருக்கு இது தெரியுமா?"

"தினமும் சாவி அமுக்கறவருக்குத் தெரியாதா? ஏன் வாயைத் திறக்கலன்னு கேட்டேன். 'திட்டறதுக்கு அவங்களுக்கு இப்ப ஒரு ஆள் வேணும் சார். அது நானா இருந்துட்டுப் போறேன், அவங்க அப்பாவா இருக்க வேண்டாம்'னார்."

மகளின் கை புடவைத் தலைப்பைக் கசக்கியது.

"அவர் வண்டியில என் பிளக்கைப் பாத்தேன் சார். நூறுன்னு காட்டுச்சு. அவர் ரூம் கதவு பத்தடி தூரம்கூட இல்ல. அந்த மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டு நின்னேன்." இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தார். "தட்டியிருந்தா வந்திருப்பாரா?"

இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"தெரியலம்மா," என்றார்.

அந்த வழக்கில் சொல்லப்பட்ட ஒரே பொய் அதுதான்.