காது நுனியில் ஒரு சொட்டு

"இத வெச்சு ஒன்னும் பார்க்க முடியாதுங்க... ரத்தம் உறைஞ்சு போச்சு."

பிரமிளா டியூபைத் தூக்கிக் காட்டினாள். கால்நடை ஆய்வகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் மழையில் நனைந்து நின்றவன் முறைத்தான். பாயான் பாரு ஃபேக்டரி சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி, கலங்கிச் சிவந்த கண்கள்...

"சிவப்பு மூடி டியூப்லதான் எடுத்தேன். தப்பா?"

"ஊதா மூடிங்க. அதுலதான் உறையாம இருக்க மருந்து இருக்கும்."

"முன்னயே சொல்லக்கூடாதா லா? போன வாரம் ஒரு மாடு செத்துப்போச்சு. இப்ப செவலைக்கும் காய்ச்சல். ரிப்போர்ட் வந்தாத்தான் மருந்துன்னு மாட்டு டாக்டர் சொல்றாரு. நீங்க மூடி கலர் பேசுறீங்க!"

கோபம்தான். ஆனால் அதன் அடியில் ஒரு நடுக்கம்... அது ஏன் அவளை என்னவோ செய்ய வேண்டும்?

இரண்டு ஊதா மூடி டியூபுகளை நீட்டினாள். பெயர் எழுதும்போதுதான் தெரிந்தது... யுகேந்திரன்.

மறுநாள் காலையிலேயே கெலுகோரில் இருந்த அதே ஆய்வகத்துக்கு ரத்தத்தோடு வந்துவிட்டான். "நேத்து கத்திட்டேன்... சாரி மிஸ்." கூச்சத்தோடு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். ஸ்லைடில் ரத்தத்தைத் தேய்க்கும்போதும் அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை.

ஒரு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பிறகு போன் செய்தாள்.

"ரத்தத்துல ஒட்டுண்ணி எதுவும் இல்லங்க."

"உடம்பெல்லாம் உண்ணி கடிச்சிருக்கு மிஸ். மூத்திரம் கோப்பி கலர்ல போகுது..."

"என் ஸ்லைடு தப்பா சொல்லாது."

"அப்ப செவலைதான் தப்பா சாகுது போல." போன் கட்.

என்ன திமிர் இவனுக்கு! மத்தியானம் வரை பொருமினாள். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சுரீரென்றது. ரத்தத்தை எங்கே எடுத்தான்? டியூப் நிறைய இருந்ததே... கழுத்தில்தான்! உண்ணி பரப்பும் ஒருவகை ஒட்டுண்ணி, மயிரிழை போன்ற ரத்தக்குழாய்களில்தான் ஒளிந்துகொள்ளும். பெரிய குழாயில் எடுத்தால் சிக்காமலே போகலாம். கேட்டிருக்க வேண்டியவள் அவள்தான்... கேட்கவில்லை.

லீவு சொல்லிவிட்டு, சின்ன மைக்ராஸ்கோப்போடு தன் காடியை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். கடலைத் தாண்டும் பாலத்தில் வண்டிகள் நகராமல் ஒரே ஜேம். கண்ணாடியில் மழை அறைந்தது. மாடு செத்திருந்தால்... அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

செபராங் ஜெயாவைத் தாண்டி, படிவத்தில் அவன் கொடுத்திருந்த முகவரியில் ஒரு மாட்டுக் கொட்டகை. படுத்துக் கிடந்த செவலையின் தலையை மடியில் வைத்திருந்தான் யுகேந்திரன். அவளைப் பார்த்தும் எழவில்லை.

"தப்பு என் மேலதான். காது நுனியில எடுக்கணும். கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா?"

அவன் காதைப் பிடித்தான். ஊசி முனை பட்டதும் ஒரு சொட்டு ரத்தம்... தண்ணியாக. இருவர் கைகளும் உரசின.

சாயம் போட்டு, கழுவி, லென்ஸில் குனிந்தாள். ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை... அங்கே! ஒரு சிவப்பணுவுக்குள் இரட்டைப் பேரிக்காய் மாதிரி, ஊதாவாக, ஜோடியாக...

"இருக்கு! டாக்டருக்குப் போன் பண்ணுங்க!"

அரை மணியில் டாக்டர் இப்ராஹிம் வந்து ஊசி போட்டார். "ரெண்டு நாள் தாண்டணும்" என்றார். அவ்வளவுதான்.

அந்த இரண்டு நாளும் பிரமிளாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் போன் செய்யவில்லை. இவளுக்கும் கேட்கத் தைரியமில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கவுண்டரில் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"செவலை...?"

"எழுந்துடுச்சு. புல்லு திங்குது."

"பின்ன ஏன் இப்படி நிக்கிறீங்க? பயந்தே போயிட்டேன்!"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு..." குரல் இறங்கியது. "மாடு நல்லாயிடுச்சு. இனிமே இங்க வர எனக்கு ஒரு காரணமும் இல்லையே மிஸ்..."

வெளியே மழை விட்டிருந்தது. அவள் கையுறைகளை மெல்லக் கழற்றினாள்.

"காரணம் எதுக்கு? ரெண்டு நாளா நானும் உங்களத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்..." கன்னம் சுட்டது. ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. "அப்புறம்... மிஸ் வேணாமே. பிரமிளான்னு கூப்பிடுங்க."

"பிரமிளா..." என்றான். பிறகு சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான்.