சாலையோர மந்திகள்

சோலைமந்திகளைக் காப்பாற்ற வேண்டுமானால் காட்டுக்குள் சாலை போட வேண்டும் என்பது அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. வன இருப்பு ஆணையம் பொதிகை மலைச்சரிவில் அப்படி ஏழெட்டுச் சாலைகள் போட்டு முடித்திருந்தது. ஒவ்வொன்றின் முகப்பிலும் குட்டியை அணைத்தபடி ஒரு மந்தியின் படம், அதன் கீழே ‘இது நமக்காக அல்ல, இவற்றுக்காக’ என்ற வாசகம்.

ஆணையத்தின் கணிப்பு நிரலான இருப்புக்கணி சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. எந்த விலங்கை யார் எங்கே பார்த்தார்கள் என்ற பதிவுகளை அதற்குக் கொடுத்தால் போதும். அந்த இடங்களின் மழை, மண், சரிவு, மரம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, அதே விலங்கு இன்னும் எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்று மலை முழுவதற்கும் வண்ணமடித்துக் காட்டும். அடர்பச்சை என்றால் நிச்சயம் உண்டு. வெள்ளை என்றால் இல்லவே இல்லை.

சோலைமந்தியைப் பற்றிக் கணி கண்டுபிடித்த பெரிய உண்மை, அது தார்ச்சாலையை விரும்பும் பிராணி என்பது. பதிவுகள் அத்தனையும் சாலையோரத்திலிருந்தே வந்திருந்தன. வராமல் என்ன செய்யும்? பார்த்த மகராசன்கள் ஒருவரும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. இறங்கி உள்ளே போனால் அட்டை கடிக்கும். அட்டைக்குப் பயந்தது மந்தியல்ல, மனிதன்தான் என்பதைக் கணியிடம் யாரும் சொல்லவில்லை.

சொன்னவள் ஒருத்தி உண்டு. கணியை உருவாக்கிய சூழலியலாளர்களில் இன்னும் ஆணையத்தில் மிஞ்சியிருந்த சொர்ணவல்லி. சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். அவள் வாயை அடைக்க எல்லோரும் காட்டியது அவள் எழுதிய நம்பகச் சல்லடையைத்தான். கணி வந்த புதிதில் எவனோ ஒருவன் தூத்துக்குடிக் கடற்கரையில் மந்தியைப் பார்த்ததாகப் பதிவு அனுப்பி விளையாடினான். அந்த மாதிரிக் குப்பையை ஒதுக்கத்தான் சல்லடை. விலங்கு இருக்க வாய்ப்பே இல்லை என்று கணி நினைக்கும் இடத்திலிருந்து பதிவு வந்தால் அது ஏற்காது. பழைய படங்களை வீட்டிலிருந்தபடியே அனுப்புகிறவர்களைப் பிடிக்க ஆணையம் பிறகு இன்னொரு விதியைச் சேர்த்தது: எங்கிருந்து அனுப்புகிறாயோ, அதுதான் நீ பார்த்த இடம்.

சாலை நுழையாமல் மிச்சமிருந்தது பேயோடைச் சோலை ஒன்றுதான். பழைய எஸ்டேட் சாலை ஒன்று அதன் விளிம்பை உரசிக்கொண்டு போனது, அவ்வளவே. கணியின் படத்தில் சோலை மொத்தமும் வெள்ளை. ஆகவே மந்திகள் குடியேற வசதியாக அதன் நடுவே சாலை போடுவது என்று ஆணையம் முடிவு செய்தது. சொர்ணவல்லி இயக்குநர் தேவசகாயத்தின் அறைக்குப் போய் நின்றாள்.

“சார், சோலைமந்தி கிளைக்குக் கிளை தாவியே காலத்தைக் கழிக்கிற உயிரு. நடுவுல ரோட்டை வெட்டிட்டா அந்தப் பக்கம் எப்படிப் போகும்? தரையில எறங்கி வண்டியில அடிபட்டுத்தான் சாகும்.”

“அங்க மந்தியே இல்லையே டாக்டர்.”

“இருக்கு சார்.”

“பதிவு இருக்கா?” அவர் குரலில் கோபமே இல்லை. “ஒரே ஒரு பதிவு கொண்டாங்க. கணி ஏத்துக்கிட்டா நான் திட்டத்தை நிறுத்துதேன்.”

ஒன்றுமில்லாத காட்டுக்கு எதற்குத் துணையாள் என்று யாரையும் அனுப்ப மறுத்துவிட்டார்கள். அவள் தனியாகவே போனாள். முழங்கால் வரை அட்டைகள் ஏறின. நடுச்சோலையில் வெடிப்பலா மரங்களுக்குக் கீழே வந்தபோது தலைக்கு மேல் ‘கூ, கூ’ என்று குரல் கேட்டது. அண்ணாந்து பார்த்தாள். நரைத்த பிடரியும் கரிய உடலுமாக ஒரு பெரிய கூட்டம். முள்பழத்தைப் பிளந்து கொட்டையை எடுத்துத் தின்றுகொண்டிருந்தன. குட்டிகள் தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டு இவளை முறைத்தன. எந்தச் சாலையிலும் இவ்வளவு பெரிய கூட்டத்தை யாரும் கண்டதில்லை. சொர்ணவல்லிக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைக்கருவியில் படமெடுத்துக் கணிக்கு அனுப்பினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ‘வாய்ப்பு போதாது. பதிவு ஏற்கப்படவில்லை.’

மறுபடி அனுப்பினாள். மறுபடியும் சிவப்பு. அந்த வாசகத்தை எழுதியவளே அவள்தான். சுருக்கமாக இருக்கிறது என்று அன்று எல்லோரும் பாராட்டினார்கள்.

ஆத்திரத்தோடு திரும்பியவள் ஓடைப்பாறையில் காலை எங்கே வைக்கிறோம் என்று பார்க்கவில்லை. வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. வலி கொஞ்சம் அடங்கியதும் மீட்பு மையத்தைக் கூப்பிட்டாள். பால்ராஜ் என்று ஓர் இளைஞன் பேசினான். பணிவான பிள்ளை.

“மேடம், நீங்க இருக்கதாச் சொல்ற எடம் வெள்ளையாக் காட்டுதே.”

“என்ன வெள்ளை?”

“இங்கயும் இருப்புக்கணிதான் மேடம். மனுசங்களுக்குள்ளது. சும்மா கூப்பிட்டு ஏமாத்துறவங்க தொல்ல தாங்கலன்னு போன வருசம் வாங்குனோம். அந்தச் சோலைக்குள்ள ஆள் இருக்க வாய்ப்பே இல்லன்னு காட்டுது.”

“நான் இருக்கேனேப்பா! காலு ஒடிஞ்சு கெடக்கேன்!”

“அது உங்களுக்குத் தெரியும் மேடம். கணிக்குத் தெரியணும்லா?”

“அந்தச் சல்லடைய எழுதுனதே நான்தான்யா!”

“அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே மேடம். அது பச்ச காட்டாம இங்க வண்டிச்சாவிகூடக் கையில வராது. ஒண்ணு செய்யுங்க, எப்படியாவது ரோட்டுப் பக்கமா வந்துருங்க. வந்தீங்கன்னா உடனே அனுப்பிருவேன்.”

அவன் மேல் அவளால் கோபப்பட முடியவில்லை. மரக்கொம்பு ஒன்றைக் காலோடு சேர்த்துத் துப்பட்டாவால் கட்டினாள். பிறகு கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து, கத்தி அழுதுகொண்டே சரிவில் இறங்கினாள். பொழுது சாயும் நேரத்தில் எஸ்டேட் சாலையின் தாரில் அவள் உள்ளங்கை பட்டது. கருவி மெல்ல ஒலித்தது. மனித இருப்பு உறுதி, வண்டி புறப்பட்டுவிட்டது என்று செய்தி வந்தது.

மயக்கம் வந்து வந்து போனது. இப்படியே செத்தாலும் அந்தப் படம் போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பு மட்டும் விடவில்லை. இன்னொரு முறை அனுப்பிப் பார்த்தாள்.

பச்சை விளக்கு. ‘பதிவு ஏற்கப்பட்டது.’

சோலை பிழைத்துவிட்டது என்று நினைத்துத் தாரில் முகத்தை வைத்துச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு இயக்குநர் சாத்துக்குடிப் பையோடு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“பிரமாதம் டாக்டர். இதுவரைக்கும் பதிவான கூட்டத்துலயே பெருசு உங்களோடதுதான். அதுவும் எங்க? பேயோடையை ரோடு தொடுற அதே எடத்துல! கணி சொன்னது அச்சு அசலா நிரூபணமாயிட்டு. நேத்தே வேலைக்கு உத்தரவு போட்டாச்சு.”

அனுப்பிய இடமே பார்த்த இடம் என்ற விதி அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து உட்காரப் பார்த்தாள். கட்டுப்போட்ட கால் விடவில்லை.

“சார், அதுக சோலைக்குள்ள இருந்துதுக. நான் கீழ வந்து அனுப்புனேன். நானும் உள்ளதான் கெடந்தேன்!”

“இருக்கலாம் டாக்டர்.” போர்வையைச் சரிசெய்துவிட்டார். “ஆனா நீங்க கெடச்சது எங்க? ரோட்டுலதானே?”



மழைக்கு முன்பே வேலையை முடித்து, சாலைக்கு அவள் பெயரையே வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு ஊன்றுகோலோடு அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நாடா வெட்டிய கொஞ்ச நேரத்தில் மரத்தில் இலைகள் சலசலத்தன. அவள் சோலைக்குள் கண்ட அதே மந்திக்கூட்டம்தான். வெட்டுண்ட கிளையின் நுனிவரை வந்து, எதிர்ப்பக்கத்து வெடிப்பலாவை வெகுநேரம் பார்த்தன. பிறகு ஒரு தாய்மந்தி குட்டியை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு தரையில் இறங்கி, சூடான தாரில் காலை வைத்தது.

விழாவுக்கு வந்தவர்கள் படமெடுத்து அனுப்ப, எல்லோர் கையிலும் பச்சை விளக்குகள் எரிந்தன. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சொர்ணவல்லி திருப்பத்தில் வந்துகொண்டிருந்த முதல் வண்டியைப் பார்த்துக் கத்தினாள். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.