ராணி ஏன் மணிகளை உருக்கினாள்?

"என் மனசுக்குள்ள இருந்ததை ஒருத்தன் எடுத்துட்டான் மேடம். எப்படின்னு தெரியணும்" என்றான் சொங்கா.

தென்கொரியாவின் தேஜோன் நகரில், நூடுல்ஸ் கடைக்கு மேலே இருந்த அலுவலகத்தில் துப்பறிவாளர் கியோங்சுக் பார்லித் தேநீரை அவன் பக்கம் நகர்த்தினார். உதவியாளர் யேபோம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

சனிக்கிழமைதோறும் சொங்காவின் வீட்டில் சோரா, கிசோக் என்ற இரண்டு நண்பர்கள் கூடிப் பகடை உருட்டிக் கதை விளையாடுவார்கள். வீரர்களாக நடிப்பவர்கள் அவர்கள். கதையை நடத்துவதும் வில்லியாகப் பேசுவதும் சொங்கா. அவனுடைய வில்லி, நாட்டிலுள்ள கோட்டை மணிகளையெல்லாம் திருடி உருக்கும் ஒரு ராணி. காரணத்தை அவன் எவரிடமும் சொன்னதில்லை.

"போன வாரம் அதைப் பத்திதான் பேச்சு. 'பீரங்கி செய்யத்தான்'னா சோரா. கிசோக் ஒத்துக்கல. 'இல்ல. அவ தங்கச்சி ஒரு ராத்திரி எவன் வீட்டு மணியையோ அமுக்கி அமுக்கிப் பார்த்திருப்பா. உள்ள இருந்தவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பான். அப்புறம் சத்தம் நின்னுருக்கும்'னான். நான் அதோட ஆட்டத்தையே நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"எனக்கும் ஒரு தங்கச்சி இருந்தா மேடம்."

நான்கு குளிர்காலங்களுக்கு முன், அவள் தனியே தங்கியிருந்த அறையில், அறையைச் சூடாக்கும் பாய்லரின் நச்சுப் புகை நிறைந்துவிட்டது. எப்படியோ வெளியே தவழ்ந்து வந்தவள் பக்கத்து அறை வாசலில் செத்துக் கிடந்தாள். அந்த அறைக்காரர் ஊரிலேயே இல்லை என்று போலீஸ் சொன்னது. சொங்கா அதை நம்பவில்லை; அவள் மணியடித்தும் உள்ளே இருந்தவர் திறக்கவில்லை என்றே நினைத்தான். அந்த ராணி அப்படித்தான் பிறந்தாள்.

"சோஜு உள்ள போனப்ப உளறியிருப்பீங்க" என்றாள் யேபோம்.

"நான் குடிக்கிறதே இல்லைங்க."

கியோங்சுக் அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

அன்று மேசை நடுவே பொரித்த கோழி ஆறிக்கொண்டிருந்தது. யேபோமுடன் வந்து உட்கார்ந்த கியோங்சுக் பகடையைத் தொடவில்லை.

"ராணியோட நாட்டுல மின்சாரம் உண்டா?"

"குதிரை வண்டிதான் அக்கா உண்டு" என்று சிரித்தாள் சோரா.

"அப்ப கோட்டை மணியை எப்படி அடிப்பாங்க?"

"கயித்தைப் பிடிச்சு இழுக்கணும்."

"அப்படின்னா கிசோக் தம்பி ஏன் 'அமுக்கி'ன்னு சொன்னார்?"

சோராவின் சிரிப்பு நின்றது. "வாய் தவறியிருக்கும் மேடம்!" என்றாள் யேபோம்.

"இருக்கலாம். ஆனா சொங்காவுக்குத் தெரிஞ்ச கதை கதவுக்கு வெளியே நிக்குது. தம்பி சொன்ன கதை உள்ளே படுத்திருக்கு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தது, படுத்திருந்தவனைத் தவிர வேற யாருக்குத் தெரியும்? சொங்காகிட்டருந்து திருட, அது அவர்கிட்டயே இல்லையே."

சொங்கா கிசோக் பக்கம் திரும்பினான். இரண்டு வருடமாகத் தன் வீட்டில் சாப்பிட்டவன், தன் பிறந்தநாளுக்குக் கடற்பாசி சூப் வைத்துக் கொடுத்தவன். கிசோக் மேசையையே பார்த்தான்.

"பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டே ஊர்ல இல்லேன்னு போலீஸ்ல சொன்னது நான்தான் அண்ணே. சொல்லிடணும்னுதான் உங்களைத் தேடி வந்தேன். முதல் நாளே நீங்க கையில பகடையைக் குடுத்து உக்கார வெச்சுட்டீங்க. அப்புறம் வாய் வரல."

"ஏன் திறக்கல?" என்றான் சொங்கா.

பயம், பகை, மறைக்க வேண்டிய ஏதோ குற்றம் என்று அந்த மூடிய கதவுக்குச் சொங்கா எத்தனையோ காரணங்கள் கற்பித்து வைத்திருந்தான்.

"குளிரா இருந்துச்சு அண்ணே. எவனோ குடிகாரன்னு நெனச்சேன். போர்வையை விட்டு எழுந்திருக்க மனசு வரல. ஆள் இல்லேன்னு நெனச்சுப் போகட்டும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சொங்கா எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சோரா வாயைப் பொத்திக்கொண்டாள். கிசோக் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டக் குனிந்தான். அவனைத் தடுக்கவும் சொங்காவுக்குத் தோன்றவில்லை, அடிக்கவும் தோன்றவில்லை.

கிசோக் கதவைத் திறந்தபோதுதான் சொங்கா கேட்டான்.

"அவ ஏதாவது பேசினாளா?"

கிசோக் திரும்பாமலே ஆமென்று தலையசைத்தான்.

"உள்ள வா" என்றான் சொங்கா. "வந்து உக்காரு. என்ன சொன்னா?"