கடலடி ஈயம்

கதிர் அளக்கும் டிடெக்டரின் திரையில், பொட்டாசியத்தின் இடத்தில் ஒரு முகடு முளைத்திருந்தது. காலையில் அது இல்லை.

இசக்கிசெல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாதா கோயில் திருவிழாவுக்குக் கல்லூரியே காலி. உச்சிவெயிலில் ஒலிபெருக்கிப் பாட்டு மட்டும் உப்புக்காற்றில் வந்து வந்து போனது. நியூட்ரான் மிகுந்த அணுக்கருக்கள் கண் இமைப்பதற்குள் சிதைந்துவிடும். அப்போது அவை வீசும் காமா கதிரைப் பிடித்து அவற்றின் அமைப்பை அறிவதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்கு டிடெக்டரைச் சுற்றி வேறு கதிரே இருக்கக் கூடாது. நாளை அதை நிரூபிக்காவிட்டால், டெல்லியில் நடக்கப்போகும் சோதனையில் அவள் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அதற்காகத்தான் பல தலைமுறைக்கு முன் மூழ்கிய கப்பலொன்றின் ஈயத்தைச் சங்கு குளிக்கிற சிலுவை அண்ணாச்சியிடம் வாங்கி, கற்களாக வார்த்து, டிடெக்டரைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருந்தாள். ஈயம் வெளிக்கதிரைத் தடுக்கும்; பழைய ஈயத்தில் அதன் சொந்தக் கதிரும் அடங்கிப்போயிருக்கும். கட்டுரையில் பேர் போட வருகிறவர்கள் கல் தூக்க வருவார்களா? மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் தூக்கித் தூக்கி அவள் இடுப்பே விட்டுப்போனது.

உப்பாக இருக்குமோ? கடல் உப்பில் பொட்டாசியம் உண்டு. ஆனால் உருக்கி வார்த்த கல்லில் உப்பு ஏது? மனித உடம்பிலும் பொட்டாசியம் உண்டு. ஆனால் வெளியே ஊரே கூடி நின்றாலும் அந்தச் சுவரைத் தாண்டி டிடெக்டருக்குத் தெரியாது. முகடு வளர்ந்தது. ஏசி அறையில் பாசியும் சேறும் கலந்த வாடை அடித்தது. பயத்தைவிட, இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லையே என்பதுதான் அவளை உலுக்கியது.

சிலுவையை போனில் அழைத்தாள்.

"அண்ணாச்சி, ஈயம் கெடந்த எடத்துல வேற என்ன கெடந்துச்சு?"

பேண்டு சத்தத்திலிருந்து விலகிப் போய்ச் சிலுவை பேசினார்.

"ஒரு ஆளு அதக் கட்டிப் புடிச்சிட்டு இருந்தாரும்மா. அத்தன வருசத்துக்கு எலும்புகூட மிஞ்சாது. ஆனா வெரலு ஊறி வெளுத்து அப்படியே இருந்துச்சு. ஒவ்வொண்ணாப் பிரிச்சித்தான் எடுத்தோம். அவர அங்கனயே விட்டாச்சு."

முகடு திரையின் உச்சியைத் தொட்டது.

ஓடிவிடலாம். ஓடினால் டெல்லி கிடையாது. சுவருக்குள் ஒரு சொம்பு வைக்கத்தான் இடம். அதில் யார் இருக்க முடியும்? திறந்து பார்த்துவிட்டால் தீர்ந்தது.

மேல்கல்லில் கை வைத்தாள். ஈரம்.

மூச்சைப் பிடித்துத் தூக்கினாள்.

பாதிக் கனம்தான் இருந்தது.

மறுமுனையில் நான்கு விரல்கள். ஊறி வெளுத்தவை.

அவள் கையை எடுத்தாள்.

கல் விழவில்லை.