கீழ்ப் பாதி

உடனிருந்தவர்கள்:
சுபஸ்ரீ, இறந்துபோன வீட்டுக்கார அம்மாளின் மகள். ஓசூரிலிருந்து வந்திருக்கிறார்.
பிச்சமுத்து, பக்கத்து வீடு. சாவி இவரிடம் இருக்கிறது.
வளவன், கேமரா சர்வீஸ்.

இதை எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஏணியில் ஏறக் கூடாது என்பது கம்பெனி விதி. வளவன் எழுதினான். சீட்டில் ‘புகார்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மூன்று மாதம் ஓட வேண்டிய பேட்டரி. நேற்றுக் காலை முழு சார்ஜில் மாட்டியது. வீடு மார்கழியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது, இப்போது ஆடி. இன்று விடிவதற்குள் பேட்டரி தீர்ந்திருந்தது.

“நாலு கேமரால இது ஒண்ணுதான் தம்பி இப்படி,” என்றார் பிச்சமுத்து. “வாசல்ல இருக்கறது நாயி, ஆட்டோ, போற வர்ற சனம் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு ஜம்முனு நிக்குது. ஒண்ணுமே நடக்காத எடத்துல இருக்கறதுக்குத்தான் இம்புட்டுப் பசி. மொதல்ல மாசத்துக்கு ஒருக்கா கழட்டி சார்ஜ் போட்டேன். அப்புறம் வாரம். இப்ப தெனம்.”

“உள்ள எலி, பூனை ஏதாவது?”

“திங்கிறதுக்கு ஒண்ணுமில்லாத வீட்டுக்கு எலி எதுக்கு வருது?”

அவர் வாசற்படியிலேயே நின்று பேசினார். இன்று உள்ளே கால் வைக்கவில்லை. சாவியைச் சுபஸ்ரீயின் கையில் கொடுத்துவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று சொல்லிக் கிளம்பினார்.

நடை நீளமாக, குறுகலாக இருந்தது. ஒரு முனையில் வாசல் கதவு, மறு முனையில் பாத்ரூம், நடுவே தேய்ந்த மொசைக் தரை. கேமரா வாசல் கதவுக்கு மேலே உட்கார்ந்து பாத்ரூம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னல்களைச் சாத்தியிருந்தும் ஆடிக் காற்று எங்கிருந்தோ நுழைந்து காலண்டர் தாளைச் சுவரோடு தேய்த்தது. பூட்டிய வீட்டுக்குரிய பூஞ்சை வாசம் அடித்தது. அதற்கு அடியில், கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு லேசாக, ஈரக் கோலமாவின் வாசம்.

வளவன் வழக்கமான வரிசையில் பார்த்தான். இந்த மாதிரிக் கேமரா எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும். எதிரே சூடுள்ள ஏதாவது அசைந்தால் மட்டும் விழித்துப் படம் எடுத்து அனுப்பும். அந்த விழிப்புதான் பேட்டரியைத் தின்பது. வைஃபை சிக்னல் பலவீனமா என்று பார்த்தான். நன்றாக இருந்தது. வெயில் நேராக விழுகிறதா? இல்லை. திரைச்சீலை கிடையாது. கண்ணாடியைத் துடைத்தான். புது பேட்டரி போட்டான். போனில் பதிவுகளைத் திறந்தான்.

நேற்று இரவு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு விழிப்பு.

ஒவ்வொன்றும் பத்து விநாடிப் படம். ஒவ்வொன்றிலும் காலி நடை.

சுபஸ்ரீக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். இந்தக் கேமராவின் கீழ்ப் பாதி குருடு. தரையில் எலி என்ன, யானையே படுத்து உருண்டாலும் இது விழிக்கக் கூடாது. அப்படி வைத்தவன் அவன்தான்.

அப்போது அவன் புத்தூரில் ஒரு மாடி அறையில், காதில் ஹெட்போனோடு, நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். மார்கழி, அதிகாலை மூன்றரை. ஆனந்தவள்ளி என்ற அம்மாள் கூப்பிட்டார். “தம்பி, பேட்டரி பத்து நாள் கூட நிக்க மாட்டேங்குதுப்பா. பூனை வேற குறுக்க மறுக்க ஓடுது.” அது அவரிடமிருந்து வந்த ஐந்தாவது போன். ஆறாவது வந்தால் அவன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி விழும். பூனை ஓடுவது தரையில். அவன் தன் இடத்திலிருந்தே படத்தின் கீழ்ப் பாதியை மறைத்தான். சாம்பல் பூசுவது போல விரலால் ஒரு இழுப்பு. அவரிடம் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. “இனிமே மூணு மாசம் நிக்கும்மா.” நல்லா இருப்பா, என்றார் அவர்.

பேட்டரி நின்றது. நான்கு நாள் கழித்து, கோலம் போட வாளியோடு கிளம்பியவர் பாத்ரூம் வாசலில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து விழுந்தார். இரண்டு நாள் தரையோடு ஊர்ந்திருக்கிறார். மார்கழி ஸ்பீக்கர் சத்தத்தில் அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. கோலம் இல்லாத வாசலைப் பார்த்து, ஓசூருக்குப் போயிருப்பார் என்று பிச்சமுத்து நினைத்துக்கொண்டார். கதவுக்கு இரண்டு முழம் இருக்கும்போது முடிந்துபோனது. செய்தி காதுக்கு வந்த வாரமே வளவன் நைட் ஷிப்டை விட்டான். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலை இந்த விலாசம் வந்தபோது வேறு ஆளை அனுப்பச் சொல்லிப் பார்த்தான். நடக்கவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றார் சுபஸ்ரீ. “இது அசைவு பாத்தா என் போனுக்கு மெசேஜ் வரும்ல?”

“வரும் மேடம்.”

“அம்மா விழுந்த அன்னிக்கும் வந்திருக்கும். எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன். வந்த மெசேஜைத் தூக்கக் கலக்கத்துல நானே அழிச்சிருப்பேன். எத்தனை தடவை கூப்பிட்டாங்களோ.” அவர் அழவில்லை. பல மாதமாகத் தனக்கே சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. “என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்றாரு.”

வளவன் ஏணியை மடித்தான். மெசேஜ் ஒன்றுகூட வந்திருக்காது. அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அவன் ஏணியின் கொக்கியை மாட்டினான்.

புது பேட்டரி தொண்ணூற்றாறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்ணூற்று மூன்று. மேலே கேமராவின் நீல விளக்கு எரிந்து அணைந்தது. எரிந்தது.

“நாம நிக்கறதுனாலயா?”

“இல்ல. நாம அதுக்கு நேர் அடியில நிக்கிறோம், நம்மளப் பாக்காது.”

நேரலையைத் திறந்து சத்தத்தைக் கூட்டினான். நடையில் காற்றின் ஓசை மட்டும். போனிலிருந்து வேறொன்று வந்தது. உள்ளங்கை ஈரத் தரையில் படும் சத்தம். பிறகு துணி இழுபடும் சத்தம். நிறுத்தம். மறுபடி உள்ளங்கை.

அவன் சத்தத்தை அணைத்தான். சுபஸ்ரீயின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

“தரைப் பக்கத்தை மறைச்சுட்டா பேட்டரி நிக்கும்னு நெட்ல போட்டிருக்கே,” என்றார் அவர், மெதுவாக. “அதைச் செஞ்சு பாருங்களேன்.”

“வேணாம் மேடம்.”

“குடுங்க, நானே செய்யறேன்.”

போன் அவர் கைக்குப் போயிற்று. அவர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். மேல்பாதி தெளிவாக இருந்தது. கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல். மூலையில் தேதி இருந்தது. மார்கழித் தேதி. நேரம், மூன்று நாற்பது.

“இதை யாரு மறைச்சது?”

காலண்டர் தாள் சுவரில் தேய்ந்தது.

“நான்தான்,” என்றான் வளவன். “உங்களுக்கு மெசேஜே வந்திருக்காது. பூனைன்னு நெனச்சு மறைச்சேன். அவங்ககிட்டக்கூடச் சொல்லல.”

அவர் அந்தச் சாம்பலை விரலால் ஒருமுறை தொட்டார். பிறகு போனை நீட்டினார்.

“எடுங்க. மறைச்சதை எடுங்க.”

எடுத்தான். சாம்பல் விலகியது. போன் உடனே அதிர்ந்தது. ஆள் தெரிந்தால் கேமரா அவரைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போடும். போட்டது. பாத்ரூம் வாசலில். தரையோடு தரையாக. நீளமாக.

நிமிர்ந்து பார்த்தான். வெறும் மொசைக்.

திரையில் கட்டம் ஒரு சாண் நகர்ந்தது. நின்றது. இன்னொரு சாண்.

“எந்தப் பக்கம் போறாங்க?” என்றார் சுபஸ்ரீ.

“வாசல் பக்கம்.”

அவர் அவனைத் தாண்டி வந்து வாசல் கதவைத் திறந்தார். ஆடிக் காற்று உள்ளே பாய்ந்தது. அவன் பின்னாலேயே நகரப் போனான். அவருடைய உள்ளங்கை அவன் மார்பில் பட்டு, கேமராவுக்கு முன்னால் அவனைத் தள்ளியது. பலமாக அல்ல.

“அன்னிக்கு அவங்ககிட்ட யாரும் வரல,” என்றார். “நீங்க இருங்க.”

அவர் வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. இருட்டு.

கையில் திரை மட்டும் வெளிச்சம். இப்போது அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று நிற்கிறது. அது அவன். இன்னொன்று படுத்திருக்கிறது. இடையில் ஒரு முழம்.

ஒரு சாண்.

கணுக்காலில் ஈரம். பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக.

அவன் கதவைத் தட்டினான். வெளியே சாவி பூட்டில் ஒருமுறை திரும்பியது. பிறகு இன்னொரு முறை.