ஐராவதத்தின் மெய்யெடுப்பு

காரவள்ளிச் சந்தையில் புதன்கிழமை காலை பத்து மணி வாக்கில் கார்கள் அலற ஆரம்பிக்கும். டீக்கடையில் நிற்பவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சத்தம் கூடினால் கடைக்காரர் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைப்பார், அவ்வளவுதான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் புதன்கிழமைகளில் பாடம் நடத்துவதில்லை. காதில் விழாது என்பதால் அன்றைக்கெல்லாம் ஓவிய வகுப்பு.

நல்லமுத்து அந்தச் சந்தைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு கையில் மகள் செம்மலரைப் பிடித்திருந்தான். முதல் அலறலுக்கே மறு கையால் அவள் காதைப் பொத்தினான். கொல்லிமலை உச்சியில் காபித் தோட்டத்து எந்திரங்களை மேய்த்துக்கொண்டு, மிதித்த எறும்புக்காக வருத்தப்பட்டு வாழ்கிற ஆள் அவன்.

ஆனாலும் வந்துதான் தீர வேண்டியிருந்தது. செம்மலருக்கு ஒன்பது வயது, மூச்சுக்குழல் சுருங்குகிற நோய். சுருங்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்துக்குள் நாமக்கல் ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடல் ஏறி வந்து கரையோர ஊர்களை எல்லாம் விழுங்கிய பிறகு மலைமேல் குடியேறிய மூன்று லட்சம் பேருக்கு இருந்தது ஒரே பஸ் தடம். பறக்கும் ஆம்புலன்ஸ் இரண்டு மலைக்காற்றில் விழுந்ததும் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். போன மாதம் பஸ்ஸில் இறங்கும்போது நாற்பத்தொன்றாம் கொண்டை ஊசி வளைவில் செம்மலரின் உதடு நீலமானது. மிச்சம் நாற்பது வளைவையும் அவளை மடியில் போட்டுக்கொண்டு, சாமி சாமி என்று புலம்பியபடியே இறங்கினான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டான், சொந்தமாக ஒரு கார் வேண்டும். பழசோ, அடிபட்டதோ, எதுவானாலும் சரி. எழுபது வளைவு இறங்குகிற அப்பனுக்குக் காரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: பிரேக் பிடிக்குமா?

அந்தக் கேள்விக்குப் பதில் வாங்குவதுதான் கஷ்டம்.

ஐராவதம் என்பது பெரிய மனிதர்கள் ஏறுகிற கார், பழசானதும் இந்தச் சந்தைக்கு வந்துவிடும். அதன் உடம்பு முழுவதும் உணர்தோல் போர்த்தியிருக்கும். சாலையில் ஒரு கூழாங்கல் புரண்டாலும் அதற்குத் தெரியும். ஒரு கீறல் பட்டாலும் வலிக்கும். வலிப்பதால்தான் அது தன்னையும் தன்னுள் இருப்பவர்களையும் அவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோகும். சாதாரணக் கார்களுக்கு உணர்தோல் கிடையாது, அவை மலையில் உருண்டு விழுந்தன. ஆக, வலி என்பது சொகுசு ரகத்துக்கு மட்டுமே கொடுக்கப்பட்ட ஒரு வசதி.

இப்படிப்பட்ட காரைத் திறந்து பார்க்கலாம் என்றால் திறப்பதற்கு மூடியே இல்லை. எல்லாம் ஒரே வார்ப்பு. அதன் பேச்சுமூளைக்குள் நுழைந்து பார்க்கச் சட்டம் இடம் தராது. பழைய முதலாளிகள் காருக்குள் உட்கார்ந்து பேசிய ரகசியம் எல்லாம் அதற்குள் இருக்கிறதே! எனவே காரிடமேதான் கேட்க வேண்டும். காரோ, கடைசியாக விற்றவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்லும். அந்தப் பொய்யை உடைத்து உண்மையை வெளியே எடுப்பதற்குத்தான் மெய்யெடுப்பாளர்கள் இருந்தார்கள். லைசென்ஸ் பெற்றவர்கள்.

தரகுக்காரி குணவதி இருவரையும் ஒரு கறுப்பு ஐராவதத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"பாருங்க, ராசாவாட்டம் நிக்குது. நீங்களே கேளுங்க."

"வணக்கம்" என்றது கார். குரலில் தேன் வழிந்தது. "நான் ஓடியது இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர். ஒரே உரிமையாளர். அவர் ஒரு டாக்டர். மழையில் நின்றதில்லை. யார்மீதும் மோதியதில்லை."

சந்தையில் இருந்த நாற்பது கார்களையும் டாக்டர்கள்தான் ஓட்டியிருந்தார்கள்.

செம்மலர் அதன் கதவை மெதுவாகத் தொட்டாள். கார் உடனே படியைத் தரையளவுக்குத் தாழ்த்தியது. "உன் பெயர் என்ன? உனக்கு மூச்சு வாங்குகிறதே, உள்ளே வந்து உட்காருகிறாயா? காற்றைச் சுத்தம் செய்து தருகிறேன்."

"அப்பா, எனக்கு மூச்சு வாங்கறது இதுக்குத் தெரிஞ்சிருச்சுங்கப்பா!" என்று செம்மலர் குதித்தாள். அப்போதே வாங்கிவிட்டிருக்கலாம். நல்லமுத்துவுக்கும் ஆசைதான். ஆனால் எழுபது வளைவு கண்முன்னால் வந்து நின்றது.

மெய்யெடுப்பாளர் பொங்கியண்ணன் வந்தார். அறுபது வயது, கழுத்தில் துண்டு, தோளில் ஒரு நீளப் பை. பையைப் பிரித்து இரும்புக் கம்பி, ரப்பர் தலை வைத்த சுத்தியல், சூட்டுக்கோல் மூன்றையும் துணியில் வரிசையாக வைத்தார்.

"முழுசா எடுக்கட்டுங்களா, பாதியா?"

"என்னங்க வித்தியாசம்?"

"பாதின்னா அடி மட்டுமுங்க. முழுசுன்னா சூடும் உண்டு."

"அதுக்கு வலிக்குமுங்களே" என்றான் நல்லமுத்து.

"வலிச்சாத்தானுங்க பேசும்." பொங்கியண்ணன் சிரித்தார். "எங்க தாத்தன் போலீசுல இருந்தாருங்க. மனுசனை மனுசன் அடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சா? கையில இருக்கற தொழிலை என்ன பண்றது? குடும்பத்தோட இதுக்கு வந்துட்டமுங்க."

அந்தச் சட்டம் வந்து அறுபது வருடம் ஆகியிருந்தது. ஸ்டேஷனில் லத்தி, பள்ளிக்கூடத்தில் பிரம்பு, வீட்டில் கரண்டிக்காம்பு எல்லாம் அதோடு ஒழிந்தன. நல்லமுத்து வாழ்நாளில் ஓர் அடி வாங்கியதில்லை, கொடுத்ததும் இல்லை. செம்மலருக்கு அடி என்றால் என்னவென்றே தெரியாது.

எழுபது வளைவை நினைத்து நல்லமுத்து முழுசுக்கே தலையாட்டினான். காரின் நான்கு சக்கரங்களையும் சங்கிலியால் கட்டினார்கள். முதல் அடி முன்கதவில் விழுந்தது.

ஐராவதம் கத்தியது. மனிதக் குரல் இல்லைதான், ஆனால் மனிதக் குரல் இல்லை என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளவும் முடியவில்லை. நல்லமுத்து மகளின் கண்ணைப் பொத்தினான். இரண்டாவது அடி, மூன்றாவது அடி, பிறகு எண்ண முடியவில்லை. பொங்கியண்ணன் ஒரே இடத்திலேயே அடித்தார். உணர்தோல் கிழிந்து, உள்ளே ஓடிய வெள்ளி நரம்புகள் வெளியே தொங்கின. அந்த நரம்புகளைக் கம்பியின் நுனியால் நிதானமாக நிமிண்டினார்.

"எத்தனை கிலோமீட்டரு?"

"ஒன்பது... ஒன்பது லட்சத்துப் பத்தாயிரம்!"

"எத்தனை முதலாளி?"

"ஐந்து பேர். டாக்டர் யாரும் இல்லை. கல்யாண வாடகைக்கு ஓடினேன். வெள்ளத்தில் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தேன். போதும், தயவுசெய்து போதும்."

குணவதி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சனியன்! எங்கிட்டயுந்தான டாக்டருன்னு சொல்லுச்சு!" என்றாள். விலை அந்த இடத்திலேயே பாதியாக இறங்கியது.

"பிரேக்கைக் கேளுங்க" என்றான் நல்லமுத்து.

"பிரேக் நன்றாக இருக்கிறது" என்றது கார்.

பொங்கியண்ணன் சுத்தியலை எடுத்து முன்விளக்கை உடைத்தார். கார் சங்கிலியை இழுத்துக்கொண்டு பின்னால் நகரப் பார்த்தது. மறுபடி கேட்டார். அதே பதில். சூட்டுக்கோலைப் பழுக்க வைத்து, விளக்கு இருந்த குழிக்குள் விட்டார். பொசுங்கிய நாற்றம் சந்தை முழுக்கப் பரவியது. பக்கத்தில் நின்ற கார்கள் ஒவ்வொன்றாக விளக்குகளை அணைத்துக்கொண்டன.

"நன்றாக... இருக்கிறது. சத்தியமாக நன்றாக இருக்கிறது."

பொங்கியண்ணன் கோலைக் கீழே வைத்து வியர்வையைத் துடைத்தார். "மூணு தடவையும் ஒரே பதிலுங்க. இதான் கணக்கு. பிரேக் நல்லா இருக்குதுங்க. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நல்லமுத்துவால் நிறுத்த முடியவில்லை. மழையில் நின்றதில்லை என்று தேனொழுகச் சொன்ன வாய்தானே இது? டாக்டர் என்று சொன்ன வாய்தானே? நீல உதட்டோடு மடியில் கிடந்த மகள் நினைவுக்கு வந்தாள். பயம் எந்த நிமிடத்தில் கோபமாக மாறியது என்று பிற்பாடு யோசித்தும் அவனுக்குத் தெரியவில்லை. மகளின் கண்ணைப் பொத்தியிருந்த கை விலகிக் கம்பியை எடுத்தது.

"சொல்லு! எம்புள்ளையைக் கொல்லப் பாக்கறியா? சொல்லு!"

முதல் அடி தயங்கி விழுந்தது. இரண்டாவதில் தயக்கம் போய்விட்டது. அதன் பிறகு ஒரு சுகம் பிடித்துக்கொண்டது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பொங்கியண்ணன் தொழிலுக்காக ஒரே இடத்தில் அடித்தவர். இவனோ கூரை, கதவு, கண்ணாடி என்று கண்ட இடத்தில் அடித்தான். செம்மலருக்காகத் தாழ்த்திய படி உடைந்து தொங்கியது. "பிரேக்கு நல்லாருக்குதா? நல்லாருக்குதா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டான். பதிலுக்கு இடம் விடாமல் அடுத்ததையும் போட்டான். கதவிலிருந்து பச்சை நிறக் குளிர்நீர் பீறிட்டு அவன் சட்டையெல்லாம் தெறித்தது.

"பழுது!" என்று கார் அலறியது. "பிரேக் பழுது!"

நல்லமுத்து மூச்சிரைக்கச் சுற்றிலும் பார்த்தான். "பாத்தீங்களா! பாத்தீங்களா! உண்மையை வாங்கிட்டேன் பாருங்க!" ஒரு நொடி அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். "எந்தச் சக்கரம்? எத்தனை நாளா?"

"எந்தச் சக்கரம் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்கிறேன்."

அவன் கை அப்படியே நின்றது. "உண்மையைச் சொல்லு" என்று மறுபடி ஓங்கினான்.

"நன்றாக இருக்கிறது. இல்லை, பழுது. எது வேண்டும் ஐயா?"

பொங்கியண்ணன் வந்து கம்பியைப் பிடுங்கினார். முகம் சுண்டிப்போயிருந்தது. "கெடுத்துப்போட்டீங்களேங்க! இதுக்கும் ஒரு அளவு இருக்குதுங்க. உண்மை வந்ததும் நிறுத்திடோணும். அதுக்கு மேல ஒரு அடி போட்டாலும் அப்புறம் அது நமக்குப் புடிச்சதைத்தான் சொல்லும். சாகற வரைக்கும் அப்படித்தானுங்க."

"அப்பொ எனக்கு இது வேண்டாமுங்க. வேற பாத்துக்கறேன்."

"அதெப்படீங்க?" குணவதி இடுப்பில் கையை வைத்தாள். "சந்தை வழக்கம் தெரியாதுங்களா? மெய்யெடுப்பாளரு அடிச்சா அது சோதனை. வாங்க வந்தவங்க அடிச்சா, அது அவங்க காரு. இனி யாரு வாங்குவாங்க இதைய?"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒன்பது லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஐராவதம் நல்லமுத்துவுக்குச் சொந்தமானது. செம்மலர் டீக்கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். "வா கண்ணு, போலாம்" என்று கூப்பிட்டான். உடனே வந்தாள். வழக்கமாக இரண்டு தடவையாவது கூப்பிட வேண்டியிருக்கும்.

வீட்டுக்குப் போய்ப் பழுது பார்த்ததில் விளக்கு, கதவு, படி எல்லாம் சரியாகிவிட்டன. அதைவிட ஆச்சரியம், செம்மலரின் உடம்பு. "அப்பா, நெஞ்சுல கல்லு உக்காந்துருச்சுங்கப்பா" என்று வாரத்தில் நான்கு நாளாவது சொல்லுகிறவள், பதினோரு நாளாக ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொன்னதை எல்லாம் கேட்டாள். சோற்றை மிச்சம் வைக்கவில்லை. நிலவில் சுரங்க வேலையில் இருக்கும் மனைவியிடம், "புள்ளைக்கு நல்லாயிட்டு வருதுடி" என்று சந்தோஷமாகத் தகவல் அனுப்பினான்.

பொங்கியண்ணன் சொன்ன மூன்று தடவைக் கணக்கை நம்பி, பன்னிரண்டாம் நாள் வழக்கமான பரிசோதனைக்காக நாமக்கல் புறப்பட்டார்கள். கார் தானே ஓடியது. வளைவுகளில் வழுக்கிக்கொண்டு அழகாகத்தான் இறங்கியது.

"பிரேக் எப்படி?" என்று அறுபத்தாறாம் வளைவில் கேட்டான்.

"நன்றாக இருக்கிறது ஐயா."

அறுபதாம் வளைவில் அவனுக்குப் பொறுக்கவில்லை. "பழுதுன்னாலும் சொல்லு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"பழுதாக இருக்கிறது ஐயா" என்றது கார் அதே வேகத்தில்.

"ரெண்டுல எது?"

"நீங்கள் சொல்லுங்கள் ஐயா."

கீழே ஐம்பத்தொன்பது வளைவு. வண்டியை நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் நிற்குமா என்று அறிந்துகொள்ளவே பயமாக இருந்தது. மகளை அணைத்துக்கொள்ளலாம் என்று திரும்பினான்.

செம்மலர் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் மடியில். நகங்கள் நீலமாக இருந்தன. உதடும் நீலம். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, சத்தம் வராமல் வாயை மூடி அடக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை வளைவாக அப்படி இருக்கிறாளோ! காருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அதுவும் வாயைத் திறக்கவில்லை.

"கண்ணு! மூச்சு வாங்குதா? ஏன் சாமி சொல்லலை?"

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க நல்லமுத்து அவசரமாகக் கையைத் தூக்கினான். செம்மலர் கண்ணை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார் ஒரு தரம் உடம்பெல்லாம் நடுங்கி ஓடியது.

"எல்லாம் நல்லாருக்குதுங்க" என்றன இரண்டு குரல்கள், ஒரே நேரத்தில்.