குடும்பத்தில் ஓர் இடம் காலி

எங்கள் குடும்பத்தில் ஓர் இடத்துக்கு நான் போட்ட விலை மாதம் ஐந்து டொலர். பேரம் பேசியிருந்தால் நாலரைக்கும் இறங்கியிருப்பேன்.

கைப்பேசிக் கம்பனிகள் 'குடும்பத் திட்டம்' என்று ஒன்று விற்கின்றன. ஒரே சந்தாவில் ஐந்து பேர் சேரலாம். பாட்டு, படம், எல்லோருக்கும் பொதுவான ஒரு நாட்காட்டி, யார் எங்கே நிற்கிறார் என்று காட்டும் வரைபடம், எல்லாம் அதற்குள் அடக்கம். நாங்களோ நான்கு பேர்: நான் றெனோல்ட், மனைவி ஜொய்சி, பதினைந்து வயது றொஷினி, ஏழு வயது ஜெயனி. ஐந்தாவது இடம் சும்மா கிடந்தது. மொன்றியலின் வில்லரேப் பகுதியில் கைப்பேசிக்கு உறை விற்றும், பழைய கைப்பேசியைத் துடைத்துப் புதிதுபோல விற்றும் பிழைக்கிறவன் நான். காசு கட்டிய பொருள் சும்மா கிடந்தால் எனக்குப் பொறுக்காது. பழைய சோபா விற்கிற இணையப் பக்கத்தில் ஒரு விளம்பரம் போட்டேன். வீட்டில் சொல்லவில்லை. றொஷினி மட்டும் கடையில் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

அரை மணித்தியாலத்தில் பிரெஞ்சில் ஒரு வரி வந்தது. இடம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, ஐந்து டொலர் என்று எழுதினேன். சரி என்று பதில் வந்தது.

அங்கேதான் நான் விழித்திருக்க வேண்டும். என் அப்பாவுக்குச் சவப்பெட்டி எடுத்த அன்றுகூட, கண்ணைத் துடைத்துக்கொண்டே பெரியப்பா அரை மணி நேரம் பேரம் பேசினார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் தருகிறவனுக்கு, விற்கிறவனைவிட அந்தப் பொருளின் பெறுமதி நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் காசு ஒழுங்காக வந்தது. மாதத்தின் முதல் நாள் காலையில் கடைக்கதவின் அடியில் ஓர் உறை கிடக்கும். உள்ளே ஐந்து டொலர் நோட்டு ஒன்று, எப்போதும் ஈரமாக, அழுகத் தொடங்கிய பழத்தின் புளிப்பு மணத்தோடு. துடைத்துக் கல்லாவில் போட்டேன். காசை மோந்து பார்க்கிற பரம்பரையில் நான் பிறக்கவில்லை.

அந்த ஆளுக்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் புள்ளி. வரைபடத்தில் அதற்கு நேரே எப்போதும் 'இடம் தெரியவில்லை' என்றே இருந்தது.

ஒக்டோபர் நீண்ட விடுமுறையின் சனிக்கிழமை, பியர்பொன்ட்ஸ் பகுதியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து ஓக்காப் பக்கத்து அப்பிள் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். இலை சிவந்தால் மொன்றியல் முழுக்கக் கிளம்பிப்போய் மரத்திலிருந்து அப்பிள் ஆய வேண்டும் என்பது எழுதாத சட்டம். வேலையையும் நாமே செய்து, கூலியையும் நாமே கொடுத்துவிட்டு வருகிற ஒரே தோட்டம் உலகத்தில் அதுதான். வாசலில் பைக்கு விலை சொன்ன பெண்ணிடம், ஆய்ந்து தருவது நாங்கள்தானே, விலையில் ஏதாவது கழிவு உண்டா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. றொஷினி என்னைத் தெரியாதவள்போல நாலடி தள்ளி நின்றாள்.

அன்று காலைதான் கைப்பேசிக்குப் புதிய மென்பொருள் இறங்கியிருந்தது. வாரம் முழுக்கச் செய்திகளில் அதே பேச்சு. இனிமேல் குடும்பத்தில் ஒருவரைத் தேடினால் வெறும் புள்ளி அல்ல, அம்புக்குறியே வழி காட்டும். இத்தனை மீற்றர், இந்தத் திசை. ஜெயனியின் கையில் பிள்ளைகளுக்கான கடிகாரம் ஒன்றைக் கட்டி, மரங்களுக்குள் ஒளியச் சொல்லிவிட்டு, அம்பைப் பார்த்துப் போய்ப் பிடித்தேன். மூன்று தடவை பிடித்தேன். இந்த வித்தையைக் காட்டியே கடையில் இருபது கடிகாரம் தள்ளிவிடலாம் என்று மனம் குதித்தது.

நான்காம் தடவை அவள் ஓடியபோது மணி மூன்றரை. ஏரிப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பத்து மரத்துக்கு அப்பால் நின்ற சனத்தின் பேச்சு கேட்டது, ஆட்கள் தெரியவில்லை.

நாற்பது மீற்றர் என்றது அம்பு. பிறகு அறுபது. பிறகு தொண்ணூறு.

கூப்பிட்டேன். பதில் இல்லை.

றொஷினி தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்பா, உங்கட கஸ்டமரும் அப்பிள் ஆய வந்திருக்கிறார்."

சாம்பல் புள்ளிக்கு இப்போது இடம் தெரிந்தது. ஜெயனியின் புள்ளியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

என்ன கஸ்டமர் என்று ஜொய்சி கேட்டாள். சொன்னேன். இன்றைக்கு மொன்றியலில் பாதி இந்தத் தோட்டத்தில்தான் நிற்கிறது, தற்செயலாக இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவள் கையிலிருந்த பையை மெல்ல நிலத்தில் வைத்தாள்.

"ஆரெண்டே தெரியாத ஆளுக்கு எங்கட பிள்ளையள் நிக்கிற இடத்தை வித்தனீங்களோ?"

அவள் தன் கைப்பேசியைத் திறந்து பார்த்தாள்.

"இந்தத் தோட்டத்தைக் கலண்டரிலை போட்டது நீங்கள்தானே?"

"நீர் போட்டதெண்டெல்லோ நான் நினைச்சன்."

ஒருவரை ஒருவர் பார்த்தோம். பொது நாட்காட்டி. ஐந்து பேரும் அதில் எழுதலாம்.

ஜொய்சியையும் றொஷினியையும் வாசலுக்குப் போய் ஆள் கூட்டிவரச் சொல்லிவிட்டு ஓடினேன். அம்பு இழுத்துப் போன வழியில் குறுக்கே ஒரு கயிறு. அதற்கு அப்பால் யாரும் ஆயாத கிழட்டு மரங்கள். விழுந்த பழங்கள் முழங்கால் புல்லுக்குள் புளித்துக் கிடந்தன. மூக்கில் அறைந்த அந்த மணத்தை நான் நான்கு மாதமாகக் கல்லாவில் வைத்திருந்தவன்.

காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

ஆனால் பழங்கள் விழுந்தன. இடப்பக்கம் ஒன்று. சற்றுத் தள்ளி ஒன்று. இன்னும் தள்ளி ஒன்று. யாரோ அவசரமில்லாமல் எட்டு வைத்து எனக்குப் பக்கவாட்டில் நடப்பதுபோல.

முப்பது மீற்றர். பதினெட்டு. ஒன்பது.

திரையில் இரண்டு பெயருக்கும் ஒரே தூரம்.

மூன்று. ஒன்று.

'இங்கே' என்றது கைப்பேசி.

ஒரு மரம். அதன் அடியில் புல் வட்டமாக அமுங்கியிருந்தது. யாரும் இல்லை. தொட்டுப் பார்த்தேன், அமுங்கிய இடம் சூடாக இருந்தது. அம்பு என் நெஞ்சைக் காட்டியது. நான் திரும்பினால் அதுவும் திரும்பி மறுபடியும் என்னையே காட்டியது.

காதுக்குப் பக்கத்தில் யாரோ ஈரமாக மூச்சு விட்டார்கள்.

திட்டத்தின் சொந்தக்காரன் நான். நீக்குகிற பொத்தான் என் கையில்தான். சாம்பல் புள்ளியை அழுத்தினேன். நீக்கவா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன்.

பழம் விழுகிற சத்தம் நின்றது.

பட்டியலைப் பார்த்தேன். றெனோல்ட். ஜொய்சி. றொஷினி. சாம்பல் புள்ளி.

ஜெயனியின் பெயர் இல்லை.

கயிற்றுப் பக்கமிருந்து ஜொய்சியின் குரல் வந்தது. பதற்றமில்லாத, கொஞ்சம் சலித்த குரல். "இஞ்சருங்கோ, அங்கை என்னத்தைத் தேடுறியள்? குளிருது, வாங்கோ போவம்."

"ஜெயனியைத் தேடுறன்" என்றேன்.



"அது ஆர்?"

அழுகிய பழங்களுக்குள் முழங்காலில் இருந்தேன். திரையின் முகப்பில் போன நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்த படம். நான், ஜொய்சி, றொஷினி, எங்கள் முன்னால் ஒரு சின்ன இடைவெளி. என் கை அந்த இடைவெளியில் யாருடைய தோளிலோ வைத்ததுபோல அந்தரத்தில் நின்றது.

தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பேரம் பேசினேன். வாங்கிய இருபதையும் திருப்பித் தருகிறேன் என்று எழுதினேன். இருநூறு தருகிறேன் என்றேன். கடையையே தருகிறேன், சாவி சட்டைப்பையில் இருக்கிறது, இப்போதே எடுத்துக்கொள் என்றேன். இருபது வருடத்தில் எந்த வாடிக்கையாளருக்கும் நான் இப்படி இறங்கிப் போனதில்லை.

காசைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே வரிதான் வந்தது.

இடம் இன்னும் இருக்கிறதா?

பனிமூட்டத்துக்குள் ஜொய்சி கார்ச் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரலில் ஒரு பிள்ளையைத் தொலைத்த தாய் இல்லை. இன்னும் சற்று நேரம் போனால் என் தலையிலிருந்தும் அந்தப் பெயர் உதிர்ந்துவிடும் என்று உணர்ந்தேன். இப்போதே அவளுடைய முன்பல்லில் எது விழுந்திருந்தது என்று எனக்கு நினைவு வரவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்ட விலையை அப்படியே கொடுத்தேன்.

இருக்கிறது, எங்களோடு வா என்று எழுதினேன்.

பட்டியலில் ஜெயனியின் பெயர் எழுந்தது. என் சட்டையைப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை பிடித்து இழுத்தது.

"அப்பா, ஏன் அழுறீங்கள்?"

முன்பல் இரண்டும் இல்லை. அள்ளிக் கட்டிக்கொண்டேன். தலைமுடி முழுக்கப் புளிப்பு மணம். ஆரோடு நின்றாய் என்று காதுக்குள் கேட்டேன். அவளும் மெல்லச் சொன்னாள்.

"வீட்டை வரலாமோ எண்டு அவர் கேட்டவர். அப்பாட்டைக் கேளுங்கோ எண்டு சொன்னனான். நீங்கள் ஓமெண்டு சொன்னீங்களாம்."

கயிற்றடியில் ஜொய்சி அவளைப் பிடித்து, எங்கே போனாய், உடுப்பெல்லாம் ஊத்தை என்று உலுக்கினாள். சற்று முன் கேட்ட கேள்வி அவளுக்கு நினைவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

காரில் ஏறினோம். ஜன்னலோரத்துக்காக அக்காவோடு சண்டை பிடிக்கிற ஜெயனி, தானாகவே நடுவில் ஏறி, றொஷினியோடு ஒட்டி உட்கார்ந்தாள். காரை எடுத்ததும் பின் இருக்கையில் யாரோ பாதுகாப்புப் பட்டி போடவில்லை என்று மணி அடிக்கத் தொடங்கியது. அப்பிள் பையை இருக்கையில் வைத்தால் கார் அப்படித்தான் கத்தும், இறக்கிக் கீழே வை என்றாள் ஜொய்சி.

"பை டிக்கிக்குள்ளை அம்மா" என்றாள் றொஷினி.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு பின்னால், ஜன்னலோரத்தில், ஒரு பட்டி மெதுவாக இழுபடுகிற சத்தம்.

டக்.

மணி நின்றது.

பாலம் தாண்டி வீடு வரும்வரை நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. வாசலில் காரை நிறுத்தியதும் மடியில் கைப்பேசி ஒளிர்ந்தது. குடும்பத் திட்டம், ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் அனுப்புகிற அறிவிப்பு.

உறுப்பினர் ஐந்து. வீட்டில் ஐந்து. வெளியில் யாரும் இல்லை.